வளைவுக்கு மேலே

சூரியன் மலையைத் தொட இன்னும் பத்து நிமிடம் இருந்தது. பறவைகள் இன்றும் வடக்குப் பக்கமாகவே வந்தன.

அவள் கேமராவைத் தாழ்த்தினாள்.

முதலில் நத்தைகுத்தி நாரைகள். பின்னாலேயே அரிவாள் மூக்கன்கள். உடுமலைப்பேட்டைப் பக்கத்து வயல்களில் பகலெல்லாம் மேய்ந்துவிட்டு, கருப்பராயன் குட்டையின் நடுவில் நிற்கும் கருவேல மரங்களில் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கின. சிறகைப் பின்னுக்கு இழுத்து, காலை நீட்டி, கிளை வளைய அமர்ந்தன. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அவளுக்கு அழகான படம் தேவையில்லை.

குட்டையின் மேற்குக் கரையில் வீட்டுமனைக்காரர்கள் ஓர் இரும்பு வளைவை நிறுத்தியிருந்தார்கள். வரப்போகும் நகரின் பெயர் அதன்மேல் ஆளுயர எழுத்துகளில் நின்றது. அந்த வளைவும் பறவைகளும் ஒரே படத்தில் விழ வேண்டும். வெறும் பறவையைக் காட்டினால் வேறெங்கோ எடுத்தது என்பார்கள். போன கூட்டத்தில் ஊர்க்காரர்கள் செல்போனில் எடுத்துக்கொண்டு போன படங்களுக்கு அந்தப் பதில்தான் கிடைத்தது.

நாளைக் காலை பத்து மணிக்குக் கடைசிக் கருத்துக் கேட்புக் கூட்டம். அது முடிந்தால் குட்டைக்குள் மண் விழத் தொடங்கிவிடும். வளைவுக்கு அந்தப் பக்கம் டிப்பர் லாரிகள் செம்மண்ணோடு வரிசைகட்டி நின்றன.

மூன்று மாலைகளாக அவள் கிழக்குக் கரை ரோட்டில் நிற்கிறாள். மூன்று மாலையும் ஒரு பறவைகூட வளைவுப் பக்கம் போகவில்லை. மரத்தில் அமர்ந்தவையோ எதிர்வெயிலில் கிளையோடு கிளையாகக் கறுத்துவிட்டன; எண்ண முடியவில்லை.

பின்னால் பைக் நின்றது. சைட் சூப்பர்வைசர் தம்பிதுரை. நேற்றும் வந்து முறைத்துவிட்டுப் போனவன்.

"ஏனுங்க மேடம், இங்கெல்லாம் போட்டோ எடுக்கக் கூடாதுங்க. ஓனர் பாத்தாருன்னா சத்தம் போடுவாருங்க."

"நான் நிக்கறது பஞ்சாயத்து ரோடுங்க. ரோட்டையும் உங்க ஓனர் வாங்கிப்போட்டாருங்களா?"

அவன் சிரித்தான். மிரட்டுவதைக்கூட அவன் 'ங்க' போட்டுத்தான் செய்தான்.

"செரி, நில்லுங்க. பறவையே இல்லாட்டி எதைப் புடிப்பீங்க?"

பைக்கின் பக்கப்பெட்டியைத் திறந்து ஒரு சரவெடியை எடுத்தான். ஒரு மாதமாக ஒருநாள் விட்டு ஒருநாள் நடப்பதுதான். பறவைகள் தங்கக் கூடாது என்று வெடி போட்டுக் கலைக்கிறார்கள். மற்ற நாட்களில் மேற்குக் கரையிலிருந்து போடுவார்கள். இன்று அவளையும் சேர்த்து விரட்ட வேண்டியிருந்ததால் அவள் காலடியிலேயே சரத்தை விரித்தான்.

அவள் மரங்களைப் பார்த்தாள். மரங்களுக்கு அப்பால் வளைவைப் பார்த்தாள். வளைவுக்குப் பின்னால் சூரியன் சிவந்து இறங்கிக்கொண்டிருந்தது.

சத்தம் கிழக்கில் வெடித்தால் பறவைகள் எந்தப் பக்கம் போகும்?

இரண்டடி தள்ளி நின்று, ஷட்டரை அதிக வேகத்துக்கு மாற்றி, முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டாள். இரும்பு எழுத்துகள் கேமராவுக்குள் கறுப்பாகத் தெளிந்தன.

அவன் திரியைப் பற்றவைத்தான்.

முதல் வெடியிலேயே மரங்கள் மொத்தமும் எழுந்தது போலிருந்தது. நானூறோ ஐநூறோ, அத்தனையும் ஒரே நேரத்தில். தாழ்வாக, தண்ணீரை உரசுவது போல மேற்கே விரைந்து, கரை நெருங்கியதும் மேலேறின. காகிதத் துண்டுகள் அவள் சேலையில் வந்து ஒட்டின. காதுக்குள் வெடித்தது. கணுக்காலில் ஏதோ சுட்டது. அவள் கண்ணை இமைக்கவில்லை. பொத்தானிலிருந்து விரலை எடுக்கவுமில்லை.

வளைவுக்கு மேலே, சூரியனுக்கு முன்னால், எழுத்துகளுக்கு நடுவே புகுந்து பறவைகள் போயின.

சரம் ஓய்ந்தது. புகை குட்டைமேல் நகர்ந்தது. மரங்கள் வெறுமையாக நின்றன. இவை இன்றைக்கு எங்கே போய்த் தங்கும் என்று அவள் மேற்கே ஒருமுறை பார்த்தாள். பிறகு படத்தைத் திரையில் கொண்டுவந்து அவனிடம் நீட்டினாள். நகரின் பெயரை ஒருவர் எழுத்துக்கூட்டிப் படிக்கலாம். பறவைகளையும் ஒருவர் எண்ணலாம்.

"உங்களாலதாங்க கெடச்சுது. ரொம்ப நன்றிங்க."

தம்பிதுரையின் முகம் சிறுத்துவிட்டது. செல்போனை எடுத்தான்.

"பேரச் சொல்லுங்க. ஓனருகிட்டச் சொல்லோணும்."

"பொற்கொடி. காலேஜ்ல விலங்கியல் வாத்தியாருங்க."

எழுத்துகளைத் தட்டிக்கொண்டிருந்த விரல் நின்றது.

அந்தப் பெயர் அவனுக்குத் தெரியும். நாளைய கூட்டத்துக்காக இன்று காலைதான் ஆய்வறிக்கையை முப்பது பிரதி எடுத்து அடுக்கிவைத்தான். 'இக்குட்டையில் பறவைகள் எவையும் தங்குவதில்லை' என்று முடிகிற அறிக்கை. கடைசிப் பக்கத்தில் பச்சை மையில் கையெழுத்து. அதன் கீழே, முனைவர் பொற்கொடி, விலங்கியல் துறை.

"மேடம்..." அவன் குரல் இறங்கிவிட்டது. "அந்த ரிப்போர்ட்டு எழுதுனது நீங்களாங்க? இந்தப் போட்டோவக் கொண்டுட்டுப் போனா உங்க வேலைக்கே உலை வெச்சுருவாங்களே."

"நானேதாங்க." அவள் சேலையில் ஒட்டியிருந்த காகிதத்தைத் தட்டிவிட்டாள். "ஆய்வுக்குன்னு அன்னிக்கு, பறவையெல்லாம் வயல்ல மேயற உச்சி வெயில்ல கார்ல வந்தேன். கண்ணாடியக்கூட எறக்கலீங்க. நாளைக்கு மொதல்ல அதைத்தான் சொல்லப் போறேன்."