பொதுமக்களுக்கு மூணு நிமிஷம்

“ஊருல ஒரு கொறையும் இல்ல, கட்சிக்காரவுக நல்லாப் பாத்துக்கிறாக. இதத்தான் சொல்லணும். மூணு நிமிஷம் குடுக்காகன்னு மூணு நிமிஷமும் பேசணும்னு இல்ல. ஒரு நிமிஷம் போதும்.”

கட்சியின் ஒன்றியத் தலைவர் வெள்ளத்துரை தாளை நீட்டினார். ஜக்கம்மாள் வாங்கிக்கொண்டாள்.

மதுரையில் கட்சியின் தேசிய மாநாடு. இந்தத் தடவை கதவை மக்களுக்குத் திறந்துவிடுகிறோம் என்று டெல்லியில் அறிவித்திருந்தார்கள். பாஸ் கிடையாது. யாரும் வந்து உட்காரலாம். மாவட்டத்துக்கு ஒருவர் மேடையேறி, தேசியத் தலைவரிடம் நேராகவே பேசலாம்.

போனில் பதிந்தவர்களைக் குலுக்கல் போட்டதில் விருதுநகர் மாவட்டத்துக்கு விழுந்த பெயர், திருச்சுழிப் பக்கம் இரண்டு ஏக்கர் மிளகாய் போடும் ஜக்கம்மாள்.

“டெல்லியிலருந்து வந்த பேரு. மாத்த முடியாதுன்னுட்டாக,” என்றார் வெள்ளத்துரை. “ஆமா, ஒம்மக துர்காதேவி நம்ம மில்லுலதான இருக்கு?”

“ஆமாங்கய்யா.”

“நல்லா வேலை பாக்குதுன்னு சூப்பர்வைசர் சொன்னாரு. இருக்கட்டும், இருக்கட்டும்.”

ஜக்கம்மாளுக்குப் புரிந்துவிட்டது.

அருப்புக்கோட்டையிலிருந்து வேன் கிளம்பியது. வெள்ளத்துரை காரில் முன்னால் போய்விட்டார். வேனில் ஜக்கம்மாளுக்குப் பக்கத்து சீட்டில் ஸ்டீபன். பாளையம்பட்டியில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். அதற்கு முன்னால் பன்னிரண்டு வருஷம் நாக்பூரில் முறுக்குக் கடையில் இருந்தான். ஒன்றியத்தில் கட்சிக்காரர் ஒருத்தருக்கும் இந்தி வராததால் மொழிபெயர்க்க அவனைப் பிடித்திருந்தார் வெள்ளத்துரை.

காரியாபட்டி தாண்டியதும் ஜக்கம்மாள் தாளை மடித்து மடியில் வைத்தாள்.

“எங்க கம்மாய்க்குத் தண்ணி வந்து மூணு வருசமாச்சு தம்பி. மழை பெய்யாமலா இருக்கு? தண்ணி வர்ற வரத்துக்கால்ல மண்ணடிச்சு பிளாட்டுப் போட்டுட்டாரு இந்த வெள்ளத்துரை. தாலுகா ஆபீஸுல நாலு மனு குடுத்தாச்சு. போன வருசம் மொளகாச் செடிக்குக் கொடத்துல தண்ணி சொமந்து ஊத்துனேன். எத்தனை செடிக்கு ஊத்த முடியும்?”

“இதை அங்க சொல்லுங்கக்கா.”

“சொன்னா மகளுக்கு வேலை போயிரும். அவ சம்பளத்துலதான் எங்க அடுப்பு எரியுது.”



பந்தலில் நல்ல கூட்டம். தலைவர் நடுவில் உட்கார்ந்திருந்தார். அவர் காதோரம் ஒரு ஸ்டூல். அந்தந்த மாவட்டத்துக்காரர் பேசும்போது அந்தந்த மாவட்டத்து மொழிபெயர்ப்பாளர் அதில் உட்கார்ந்து மெதுவாகச் சொல்லவேண்டும்.

ஜக்கம்மாள் மைக்கைப் பிடித்தாள்.

“எங்க ஊருல ஒரு கொறையும் இல்லீங்க. ரோடு இருக்கு, லைட்டு இருக்கு, தண்ணி இருக்கு. ஒன்றியத் தலைவரய்யா எங்களப் புள்ளைக மாதிரிப் பாத்துக்கிறாக...”

முன்வரிசையில் வெள்ளத்துரை முதல் ஆளாகக் கை தட்டினார். ஸ்டீபன் குனிந்து தலைவரின் காதில் சொல்லிக்கொண்டே இருந்தான். ஜக்கம்மாள் முடித்த பிறகும் கொஞ்ச நேரம் சொன்னான். தலைவர் பேனாவை எடுத்து என்னவோ குறித்துக்கொண்டு, எழுந்து நின்று ஜக்கம்மாளைக் கும்பிட்டார்.

திரும்பும்போது வேனில் அவளுடைய ஊர்க்காரர் பால்ச்சாமி பொரிந்து தள்ளினார்.

“தண்ணி இருக்காம்ல தண்ணி! டிவியில ஊரே பாத்துக்கிட்டிருக்கும். தொறந்த மாநாடு, யாரும் பேசலாம்னு கூட்டியாந்தா, பேசுற பேச்சா இது? ஒரு மில்லு வேலைக்கு ஊரை வித்துட்டியே ஜக்கம்மா!”

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஸ்டீபன் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தான்.

இருபது நாள் கழித்து டெல்லியிலிருந்து கட்சி ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நேராக வரத்துக்காலுக்குப் போனார்கள். பிளாட்டுக் கல்லையெல்லாம் போட்டோ எடுத்தார்கள். அப்புறம்தான் வெள்ளத்துரைக்குப் போன் போட்டு, கூட வந்த மாவட்டச் செயலாளரைப் பேசச் சொன்னார்கள்.

“எலெக்‌ஷனுக்கு சீட்டுக் கேட்டிருக்கீங்க. இந்த மண்ணு இங்க கெடந்தா சீட்டு கெடையாதுன்னு தலைவர் சொல்லிட்டாரு.”

மறு வாரமே ஜேசிபி வந்தது. கொண்டுவந்தவர் வெள்ளத்துரைதான். ஐப்பசியில் இரண்டு மழை சேர்ந்தாற்போலப் பெய்தது. கண்மாயில் அரைக் கண்மாய்த் தண்ணீர்.

“எவனோ தைரியசாலி டெல்லிக்கு எழுதிப் போட்டிருக்கான். எல்லாரும் ஒன்னய மாதிரியா இருப்பாக?” என்றார் பால்ச்சாமி, ஜக்கம்மாளைப் பார்த்து. அவள் எப்போதும்போலக் கேட்டுக்கொண்டாள். துர்காதேவி எப்போதும்போல மில்லுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

வெள்ளத்துரைக்குத்தான் ஆறவில்லை. ஒரு நாள் ஜெராக்ஸ் கடைக்கே வந்துவிட்டார்.

“ஏலே ஸ்டீபா, எவனோ மொட்டைக் கடுதாசி போட்டிருக்கான். அந்தப் பொம்பள நல்லாத்தான பேசுச்சு? நானே முன்னால உக்காந்து கேட்டேனே.”

“நல்லாப் பேசுனாக அண்ணாச்சி.”

“நீ இந்தியில சரியாத்தான சொன்ன?”

“அந்த அக்கா சொன்னதை ஒரு வார்த்தை கூட்டலை, குறைக்கலை அண்ணாச்சி. அப்படியே சொன்னேன்.”

“அதானே! ஒம்மேல எனக்குச் சந்தேகமே இல்ல,” என்று எழுந்து போனார் வெள்ளத்துரை.

அந்த அக்கா எங்கே வைத்துச் சொன்னதை என்று அவர் கேட்கவில்லை.