முகம் காட்டாத கதாநாயகன்

"திருகோணமலையின் கலை வரலாறு இன்றோடு இரண்டாகப் பிரிகிறது. நான் இந்தப் படியில் ஏறியதற்கு முன், இறங்கியதற்குப் பின்."

மாவட்டக் கலை வட்டத்தின் தலைவர் ஆனந்தராசா இதை அறிவித்தது மரப்படியின் நடுவில் நின்றுகொண்டு. கீழே வந்து சொன்னால் வரலாற்றுக்கு உயரம் போதாது என்று நினைத்திருக்கலாம்.

கீழே, துறைமுக வீதியில் லாபிர் முதலாளி நடத்தும் கடையில், மீன்வலைகளுக்கும் நைலோன் கயிற்றுச் சுருள்களுக்கும் நடுவே அந்த வரலாற்றுக்காகக் காத்திருந்தவர்கள் மூன்று பேர். பின்னேர அஸர் தொழுகையை முடித்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்த லாபிர், கவுண்டரில் இருந்த தம்பிராசா, அவருடைய மகள் தர்சிகா.

தர்சிகா ஒரு வீடியோ கேம் செய்திருந்தாள். சுடுவது, வெட்டுவது, துரத்துவது எதுவும் அதில் இல்லை. தனியாக இருக்கும் ஒரு உயிர், ஒரே மாதிரியான நாட்கள், கதை அவ்வளவுதான். கலை வட்டத் தலைவர் நல்லது என்று எழுதிக் கொடுத்தால் கொழும்பில் கேம் தயாரிக்கும் கொம்பனி ஒன்றில் அவளுக்கு இடம் இருந்தது.

இல்லாவிட்டால் திங்கட்கிழமை முதல் இதே கவுண்டர். தம்பிராசா இந்த மாதத்தோடு வேலையை விடுகிறார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே தான் இருந்த கதிரை வெளியாளுக்குப் போய்விடக் கூடாது என்று லாபிரிடம் கெஞ்சி, அதை மகளுக்கென்று உறுதிப்படுத்தி வைத்திருந்தார். அவரிடம் இருந்த சொத்து அது ஒன்றுதான்.

"தலைவர் நல்லதெண்டால் போ. இல்லையெண்டால் பேசாமல் வந்து கதிரையில இரு." தகப்பனுக்கும் மகளுக்கும் இடையில் ஆகியிருந்த பேச்சு இதுதான்.

கேமெல்லாம் ஒரு கலையா என்ற முகத்தோடுதான் ஆனந்தராசா மத்தியானம் வந்திறங்கினார். கவுண்டரைக் கண்டும் காணாமல் மாடிக்கு ஏறினார். முதலாளியின் அறையில் எல்லாவற்றையும் ஆயத்தமாக வைத்திருந்த தர்சிகா, எப்படி விளையாடுவது என்று சொல்ல வாயெடுத்தாள். கலைஞனுக்குக் கலையை விளக்கத் தேவையில்லை, தனிமையைத் தனிமையில்தான் நுகர வேண்டும் என்று சொல்லி, அவளை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திக்கொண்டார். கடைக்குள் இருக்க நெஞ்சு விடாமல் அவள் இறங்குதுறைப் பக்கம் போய் நின்றுவிட்டு, இப்போதுதான் வந்திருந்தாள்.

"கதாநாயகனுக்கு முகமே இல்லை," என்றார் ஆனந்தராசா, இன்னும் ஒரு படி இறங்கி. "உயரத்திலிருந்து பார்க்கிறோம். உச்சந்தலையும் தோள்களும் மட்டும். கறுப்பு வெள்ளை. அவன் யாரென்று தெரியாது. ஆகவே அவன் எல்லாரும்தான். பிள்ளை, இந்தச் சிந்தனை உமக்கு எப்படி வந்தது?"

தர்சிகா வாயைத் திறந்தாள். ஆனந்தராசா கேள்வி கேட்பது பதிலுக்காக அல்ல என்பதால் அவரே தொடர்ந்தார்.

ஒரு மேசை, ஒரு ஆள். மேசை லாச்சியைத் திறக்கிறான், உள்ளே பார்க்கிறான், ஒன்றையும் எடுக்காமல் மூடுகிறான். துடைத்த மேசையைத் திரும்பவும் துடைக்கிறான். யாரோ வருகிறார்கள், காசை வைக்கிறார்கள், அவனை நிமிர்ந்து பார்க்காமலே போகிறார்கள். போனை எடுத்து யாரையோ அழைக்கிறான். மறுமுனையில் எடுக்கவில்லை போலும், வைத்துவிடுகிறான். எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அவன் தன்பாட்டிலேயே இருந்ததுதான் தலைவரை உலுக்கிவிட்டதாம். விளையாடுபவனின் கையில் ஒன்றுமே இல்லாத விளையாட்டு! இதைச் செய்ய எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று வியந்தார்.

"பிறகு அந்த மான்," என்றார். குரல் தழுதழுத்தது. அது மேடைக்காக வைத்திருக்கும் தழுதழுப்பு அல்ல. சோற்றுப் பார்சலை அவிழ்த்து அந்த ஆள் இரண்டு வாய்தான் சாப்பிடுகிறான். வாசலில் ஒரு மான் வந்து நிற்கிறது. மிச்சத்தை அதற்கு வைத்துவிட்டு, கையை ஆட்டி ஆட்டி அதோடு ஏதோ கதைக்கிறான். அவ்வளவு நேரத்தில் அவன் கதைத்தது அந்த மானோடு மட்டும்தான்.

"ஐயா, மான் வந்து..." என்று தொடங்கினாள் தர்சிகா.

"டவுனில திரியிற மானெல்லாம் உங்கட கேமுக்குள்ளயும் பூந்திட்டுதா மகள்?" என்று லாபிர் சிரித்தார். "என்ட கடை மட்டைப் பெட்டியைத் திண்டது காணாதெண்டு."

தம்பிராசா கவுண்டரில் இருந்தபடி மெல்லக் கேட்டார்.

"கடைசியில அந்த ஆளுக்கு என்ன ஐயா நடக்குது?"

"ஒன்றும் நடப்பதில்லை. அதுதான் கலை," என்றார் ஆனந்தராசா. தலைவர் என்ற முறையில் ஒரு குறையாவது சொல்லியாக வேண்டும் என்பதால், "சற்று மிகை. நிஜத்தில் ஒரு மனிதன் இப்படி இருக்க முடியாது," என்றும் சேர்த்துக்கொண்டார். பிறகு பேனையை எடுத்து, தாராளமாகப் பாராட்டி எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட்டு, வரலாற்றை அங்கேயே விட்டுப் புறப்பட்டார்.

தம்பிராசா லாபிரின் பக்கம் திரும்பினார்.

"முதலாளி, திங்கட்கிழமை பிள்ளை வரமாட்டா. அவ கொழும்புக்குப் போகட்டும். தலைவர் எழுதித் தராட்டியும் அனுப்பித்தான் இருப்பன்."

"நீங்கதானே அண்ணன் இந்தக் கதிரைக்கு அவ்வளவு கெஞ்சி நிண்டீங்க?"

"ஓம். அப்ப நான் அதை மேலயிருந்து பார்க்கேல்லை."

லாபிருக்கு விளங்கவில்லை. தர்சிகா சாமான்களை எடுத்துவர மாடிக்கு ஏறினாள்.

அவளுடைய கேமின் கதாநாயகி, கொழும்பு மாடிவீடொன்றில் தனியாக வாழும் ஒரு பெண், லப்டொப்பில் 'தொடங்கு' என்ற பொத்தானுக்குப் பின்னால் இன்னமும் காத்திருந்தாள். ஆனந்தராசா பார்த்தது பக்கத்தில் இருந்த, கவுண்டரைக் காட்டும் கடைக் கமராவின் திரையை.