ஆபிதா தூக்கிய யானை

"யானை வயித்துலேர்ந்து இன்னும் கொஞ்சம் மணலை எடுத்துடுங்க சார். ஆபிதாவுக்கு மட்டும் தெரியக் கூடாது."

ஆபிதாவின் அப்பா ஜெகபர் சாதிக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

சத்திரத்தை ஒட்டிய பொருட்காட்சித் திடலில், நீண்ட இரும்புத் தண்டின் ஒரு முனையில் தகர யானை தொங்கியது. மறுமுனையில் சின்னப் பலகை. குழந்தை அதில் உட்கார்ந்தால் யானை மேலே போகும். 'தொட்டு விளையாடலாம்' என்று எழுதி வைத்திருந்தார், அதைச் செய்த அமிர்தராஜ்.

"எவ்வளவு இளைச்சிருக்கா?"

"ஒரே வாரத்துல ரெண்டு ராத்தல். டாக்டர் கையை விரிச்சுட்டார் சார். இவ என்னடான்னா, 'யானையையே தூக்குறேனே அத்தா, அப்ப நான் பொழைச்சுக்குவேன்ல?'ங்கிறா."

அமிர்தராஜ் தண்டைத் தடவினார். "அவ பக்கம் அஞ்சு மடங்கு நீளம். அதனாலதான் அத்தனை பெரிய யானை அவளுக்கு அசையுது. அவ ரெண்டு ராத்தல் இளைச்சா, யானை பத்து ராத்தல் இளைக்கணும். நாளைக்குக் காலைல எடுத்துடுறேங்க."

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையிலிருந்தே பள்ளிக்கூடப் பிள்ளைகள் யானையை விடவில்லை. ஜும்மா தொழுகை முடிந்து ஜெகபர் சாதிக் வேகமாக முன்னால் வந்தார்.

"வாசல்லேயே என் தோளை விட்டு இறங்கிட்டா சார். நானே நடந்து வரேன்னு ஒரே அடம். எடுத்துட்டீங்கள்ல?"

"ஒரு பிடிகூட எடுக்க முடியலைங்க. கூட்டம்."

அவர் வாசலைத் திரும்பிப் பார்த்தார். "ஐயோ, இன்னைக்கு வேணாம்னு சொல்லிடலாம்."

அதற்குள் ஆபிதா மூச்சிரைக்க வந்து பலகையில் உட்கார்ந்துவிட்டாள். எட்டு வயது, கை இரண்டும் குச்சி.

தண்டு முனகியது. யானை மெல்லத் தரையை விட்டு எழும்பி, தும்பிக்கை ஆட, மேலே போய் நின்றது.

"நிஜமா எடுக்கலையா சார்?"

"சத்தியமா எடுக்கலைங்க."

"அப்ப எடை ஏறியிருக்கு! அல்ஹம்துலில்லாஹ்!" கண்ணைத் துடைத்துக்கொண்டே அவர் அல்வாக் கடைக்கு ஓடினார்.

"தண்டு பொய் சொல்லாது கண்ணு," என்று சிரித்தபடி ஆபிதாவை இறக்கினார் அமிர்தராஜ். கவுன் பைகள் இரண்டும் கனத்துத் தொங்கின. உள்ளே, திடல் வாசலில் கொட்டியிருந்த சரளைக் கற்கள்.

"போன வாரமே யானைக்குக் கீழே மணல் சிந்திக் கிடந்துச்சு மாமா," என்றாள் அவள். "அத்தாவுக்கு மட்டும் தெரியக் கூடாது."