பாக்கெட்டில் சிரிப்பவள்

வசந்தாமணி தன் கம்பெனி மசாலாப் பாக்கெட்டையும், வந்திருந்த நோட்டீசையும் வக்கீலின் மேசைமேல் வைத்தாள். பாக்கெட்டில் இருக்கும் பெண்ணின் படத்தை வசந்தாமணி இனிமேல் பயன்படுத்தக் கூடாது என்றது நோட்டீஸ். பெயரும் படமும் டிரேட்மார்க்காக, அவளிடம் சரக்கெடுத்து விற்கும் தண்டபாணியின் பேரில் பதிவாகியிருந்தன.

"உங்க பேர்ல ஏன் பதியலை?"

"மொளகா காயப்போட்டிருந்த நேரமுங்க. உங்க பேர்லயே எழுதிக் குடுத்துட்டு வந்துருங்கண்ணான்னு நாந்தான் அவருகிட்டச் சொன்னேன்."

"படத்துல யாரு?"

"நாந்தானுங்க. இருவது வருசத்துக்கு முந்தி எடுத்தது."

வக்கீல் அவளையும் படத்தையும் மாறிமாறிப் பார்த்தார். படத்தில் இருந்தவள் வாய்கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். முதல் மூட்டைப் பொடி விற்றுத் தீர்ந்த அன்று எடுத்த படம். எடுத்தவர் தண்டபாணிதான்.

"கொஞ்சம் சிரிங்க, பார்க்கலாம்" என்றார் வக்கீல்.

வசந்தாமணி முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். வக்கீல் பாக்கெட்டை எடுத்து அவள் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இன்னொரு தடவை" என்றார்.