மலர்வளையக் கணக்கு

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குக் காலை ரயிலில் போய்வருகிறவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. உறுப்பினர்கள் நாற்பத்தொரு பேர், மாதச் சந்தா இருபது ரூபாய். வேறு யாரும் கை தூக்காததால் நான் பொருளாளர்.

உறுப்பினர் இறந்தால் அறுநூறு ரூபாய்க்கு மலர்வளையம் என்பது சங்க விதி. கல்லூரியில் சேர்ந்த வருடம் ஒரு அறுநூறை எடுத்து நானும் கூடப் படிக்கும் ரிஸ்வானும் பிரியாணி சாப்பிட்டோம். கணக்கில் ‘மறைந்த உறுப்பினர் கு. எழிலனுக்கு மலர்வளையம்’ என்று எழுதினேன். அப்படி ஒருவர் பிறக்கவே இல்லை. ஆண்டுக் கூட்டத்தில் அத்தனை பேரும் எழுந்து மௌனமாக நின்றார்கள். தலைவி ஜெயராணி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “தங்கமான மனுஷன்” என்றார். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

அடுத்த மாதத்திலிருந்து ரசீதுப் புத்தகத்துக்குள் கூடுதலாக ஒரு இருபது ரூபாய் இருந்தது. கூடவே ‘கு. எழிலன், சந்தா’ என்று ஒரு துண்டுச்சீட்டு.

“நீதான வைக்கிற?” என்று ரிஸ்வானைக் கேட்டேன்.

“மச்சான், நான் என் சந்தாவையே நாலு மாசமா கட்டல.”

போன மாதத்தோடு முப்பது சந்தா ஆயிற்று. தன் மலர்வளையத்துக்கான காசை அவரே கட்டி முடித்துவிட்டார். வெட்கம் தாங்காமல் இன்று ரயிலில் அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

“அக்கா, எழிலன்னு யாருமே கெடையாது. அந்தக் காசுல நாங்க பிரியாணி தின்னுட்டோம்.”

“மெதுவா பேசுடா. அவரு காதுல விழப்போவுது.”

எதிரே ஜன்னலோர இருக்கை காலியாக இருந்தது. பெட்டியில் நிற்கக்கூட இடமில்லை. ஆனாலும் அதில் யாரும் உட்காரவில்லை. அதன்மேல் இருபது ரூபாய் இருந்தது. முப்பத்தோராவது ரசீதை எழுதி, தலை நிமிராமல், இரண்டு கையாலும் அந்த இருக்கைப் பக்கம் நீட்டினேன்.

வாங்கிக்கொண்டார்.