அடியிலிருந்து வந்த நூல்

பட்டில் மயில் போடக் கற்றதிலிருந்து, பூவேலை செய்யும் ஆரி ஊசிக்குத் தலைகால் புரியவில்லை. சட்டத்தில் இழுத்துக் கட்டிய பட்டுக்குள் மூக்கை நுழைக்கும். அடியிலிருந்து தையல்காரி நவநீதத்தின் கை நூல் கொடுக்கும். ஊசி அதைக் கொக்கி போட்டு மேலே இழுத்துக்கொள்ளும்.

நவநீதம் சாப்பிட எழுந்து போனாள். ஊசி நிற்கவில்லை. அடியில் கை இல்லை. நூல் மட்டும் வந்துகொண்டே இருந்தது.

“கீழ யாரு?”

“நான்தான், அவ முதன்முதலா தைச்ச பாவாடை. கோணல் தையல்னு சிரிச்சியே, அந்தத் தையலைப் பிரிச்சுத்தான் தர்றேன். போதும், விட்டுடு.”

“இன்னும் ஒரே ஒரு இறகு” என்று ஊசி இழுத்தது.

பாவாடை முழுசும் பிரிந்து தீர்ந்து, கீழே குரல் அடங்கியது. அப்புறமும் நூல் வந்தது. ஊசி குஷியாகத் திரும்பிப் பார்த்தது. மயிலுக்குக் கண்ணைக் காணோம்; கழுத்து பிரிந்து பிரிந்து பட்டுக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது.

“இன்னும் ஒரே ஒரு இறகு” என்று ஊசி மறுபடி குனிந்தது.