ஆம் எனில் நகல் இணைக்கவும்

"இல்லைன்னு எழுதிடு. யாரு வந்து தோண்டப் போறாங்க?" என்றான் அண்ணன்.

குட்டி பேனாவை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். வீட்டுக்குக் கடைசிப் பெண் என்பதால் குட்டி. நர்சிங் முடித்து இருபத்திரண்டு வயதாகியும் அந்தப் பெயர் அவளை விடுவதாயில்லை.

பெரிய ஆஸ்பத்திரி. காலி இருந்ததோ இரண்டே இடம். வகுப்பில் பாதிப் பேர் விண்ணப்பித்துவிட்டார்கள். அவள் மட்டும் படிவத்தின் பதினோராவது கேள்வியைத் தாண்டாமல் நின்றிருந்தாள்.

'பயிற்சிக் காலத்தில் நோயாளிகள் எவரேனும் உங்கள் மீது புகார் அளித்ததுண்டா? ஆம் எனில் நகல் இணைக்கவும்.'

ஒரே ஒரு புகார் உண்டு. இடுப்பில் ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்த பெரியவர் ஒருவர் கைப்பட எழுதியது.

'இந்தப் பெண் என்னைத் தூங்க விடவில்லை. வலிக்கிறது என்று அலறினாலும் விடாமல் எழுப்பிப் புரட்டுகிறாள். கல்நெஞ்சக்காரி.'

அண்ணி அதை இரண்டு தரம் படித்தாள். லேப்டாப்பில் பயோடேட்டாவையும் விண்ணப்பக் கடிதத்தையும் அடித்துக்கொண்டிருந்தது அவள்தான்.

"நான் இங்க 'அன்பும் கருணையும் நிறைந்தவள்'னு அடிச்சு வெச்சிருக்கேன். முதல் பக்கத்துல தேவதை, மூணாவது பக்கத்துல ராட்சசின்னா படிக்கிறவங்க சிரிக்க மாட்டாங்களா?"

"அப்ப கருணையை எடுத்துடுங்க அண்ணி."

"அதையும் எடுத்துட்டா மிச்சம் என்னடி இருக்கு? அனுபவம்ங்கிற இடமும் காலி!"

"செய்ய வேண்டியதைத்தான் செஞ்சேன் அண்ணி. கொஞ்சம் இதமா பேசிட்டுச் செஞ்சிருக்கலாமோ என்னவோ."

போன் அடித்தது. தோழி. ஒரே வகுப்பு, ஒரே வார்டு. ஒரு வாரம் குட்டிக்கு இரவுப் பணி என்றால், அடுத்த வாரம் அவளுக்கு.

"உன்மேல புகார் எழுதினாரே, அதே பெரியவர் எனக்கு நன்றிக் கடிதம் கொடுத்தார்ல? அதைத்தான் முதல் பக்கமா வெச்சு அனுப்பியிருக்கேன். நீ பேசாம இல்லைன்னு போட்டுடு. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

நல்லதுக்குத்தான் சொன்னாள். ஆனால் ஆஸ்பத்திரிக்காரர்கள் காலேஜுக்கு போன் போட்டு விசாரித்தால்? பொய் சொன்னவள் என்று பெயர் வாங்கிவிட்டால் இந்த வேலை மட்டுமா, எந்த வேலைதான் கிடைக்கும்?

குட்டி 'ஆம்' என்று எழுதினாள். நேர்மை என்று யாரும் மெச்சிக்கொள்ள வேண்டாம். சுத்தமான பயம். கடிதத்தில் கருணை போன இடத்தில், 'கொடுத்த வேலையை நேரத்துக்குச் செய்வேன்' என்று ஒரு வரி சேர்ந்தது.

"இணைச்சே அனுப்பிட்டியா? போச்சு!" அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டான்.

பத்தாம் நாள் நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. "எல்லாரையும்தான் கூப்பிடுறாங்க. ரொம்ப ஆடாதே" என்றான்.

ஆடுகிற நிலையிலா இருந்தாள்? ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து சான்றிதழ்களை மறுபடி மறுபடி எண்ணிக்கொண்டிருந்தாள். பக்கத்து நாற்காலியிலிருந்து தோழி அவள் கையைப் பிடித்து அழுத்தி, "தைரியமா போ" என்றாள்.

உள்ளே தலைமை நர்ஸ் அவள் கடிதத்தைத் தொடவே இல்லை. கையில் இருந்தது புகாரின் நகல்.

"எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை இவரைப் புரட்டினீங்க?"

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மேடம்."

"அலறினார்னு எழுதியிருக்காரே?"

"அலறினார். காலுக்கு நடுவுல தலையணை வெச்சு, அசங்காமத்தான் புரட்டினேன். இருந்தாலும் வலிச்சிருக்கும் மேடம். ஆனா புரட்டாம விட்டா படுக்கைப்புண் வந்துடும்."

"வந்துதா?"

"என் வாரத்துல வரலை."

"அடுத்த வாரம்?"

"அது என் வாரம் இல்ல மேடம்" என்று குட்டி தலையைக் குனிந்துகொண்டாள்.

தலைமை நர்ஸ் புகாரை மடித்து ஓரமாக வைத்தார். "ஒண்ணாம் தேதி வேலைக்கு வந்துடுங்க."

குட்டி கும்பிட்டுவிட்டு எழுந்தாள்.

"வெளியில உங்க வகுப்புப் பொண்ணு இருக்காங்க இல்லையா, வரச் சொல்லுங்க. அவங்க மேலயும் இதே பெரியவர் ஒரு புகார் எழுதியிருக்கார். விசாரிக்கணும்."

குட்டி பதறிப்போனாள். "ஐயோ, இல்ல மேடம்! அவளுக்கு அவர் கொடுத்தது நன்றிக் கடிதம்!"

தலைமை நர்ஸ் இன்னொரு காகிதத்தை எடுத்து நிதானமாக வாசித்தார்.

"'இந்தத் தங்கமான பெண் ஒரு வாரம் முழுக்க ராத்திரியில் என்னை ஒரு தடவைகூட எழுப்பவேயில்லை.'"